லால்பஜாருக்குப் பின்னால் ஒரு சீனத்து ஊர்

எட்வர்டோ டிரெட்டா வெனிஸ் குடியரசைச் சேர்ந்த ட்ரெவீசோ ஊர்க்காரர். இளமையில் பாரிஸில் காசனோவாவோடு சுற்றித் திரிந்தவர். காசனோவா தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது இவருடைய லீலைகளையும் விட்டுவைக்கவில்லை. அந்த மனிதர் எங்கெங்கோ அலைந்து கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் நகரத்துத் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்தது. லால்பஜார் பக்கத்தில் சொந்தமாக ஒரு சந்தையும் நிறுவினார். கையிலிருந்த பணமெல்லாம் கரைந்தபோது, 1780-களின் இறுதியில், அந்தச் சந்தை லாட்டரியில் பரிசாக வைக்கப்பட்டது. பரிசு சார்லஸ் வெஸ்டன் என்ற ஆங்கிலோ இந்தியருக்கு விழுந்தது. மகாராஜா நந்தகுமாரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய 1775-ஆம் ஆண்டு வழக்கில் ஜூரியாக உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

சந்தை கைமாறினாலும் பெயர் மாறவில்லை. வங்காளிகளின் வாயில் டிரெட்டாவின் பெயர் தேய்ந்து டெரிட்டி பஜார் ஆயிற்று. அந்தச் சந்தையைச் சுற்றியுள்ள சந்துகளில் அடுத்த நூறாண்டுகளில் வந்து குடியேறியவர்கள் சீனர்கள். கல்கத்தா போலீஸின் தலைமையகமான லால்பஜாரிலிருந்து பொடிநடையாக எட்டிவிடும் தூரத்தில் சன் யாட் சென் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. எழுத்தாளர் லூ ஷுன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பிளாக்பர்ன் சந்து, டாம்ஜென் சந்து, சாத்தாவாலா கல்லி எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி டாங்ரா என்று இன்னொரு சீனக் குடியிருப்பும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த நகரத்தில் இருபதாயிரம் சீனர்கள் வரை வாழ்ந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இன்றைக்கு இரண்டாயிரம் பேர் இருந்தால் அதிகம். வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்ற கதை சுவையானது. ஆனால் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதைத்தான் இந்தியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வந்தவராகக் கல்கத்தாச் சீனர்கள் கொண்டாடுவது டோங் ஆச்சூவை. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலம். ஹூக்ளி ஆற்றங்கரையில் பஜ்பஜ் அருகே 650 பிகா நிலம் ஆச்சூவுக்குக் குத்தகையாகக் கிடைத்தது. ஆண்டுக் குத்தகை 45 ரூபாய். கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை நடத்தச் சீனாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களை அவர் கொண்டுவந்தார். ஆட்களைக் கட்டி வைத்திருப்பது எளிதாக இல்லை. கப்பலிலிருந்து தப்பி ஓடிவந்து கல்கத்தாவில் சுற்றிக்கொண்டிருந்த சீன மாலுமிகள் தன் தொழிலாளர்களுக்கு ஆசை காட்டி இழுத்துப் போகிறார்கள் என்று ஆச்சூ கம்பெனியிடம் முறையிட்டார். 1781-ல் கம்பெனி அரசு அவருக்கு ஆதரவாகப் பொது அறிவிப்பே வெளியிட்டது. ஆச்சூவின் ஆட்களைத் தவிர வேறு சீனர்களும் அப்போதே நகரத்தில் இருந்தார்கள் என்பதற்கு அந்த அறிவிப்பு நல்ல சாட்சி.

ஆச்சூ நீண்ட நாள் வாழவில்லை. 1783 முடிவதற்குள் இறந்துவிட்டார். தோட்டம் கடனில் மூழ்கி ஏலத்துக்குப் போனது. ஆட்கள் கல்கத்தாவுக்கு நடையைக் கட்டினார்கள். ஆனால் அந்த இடத்துக்கு ஆச்சிப்பூர் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றோரத்தில் குதிரை லாட வடிவில் சிவப்பு வண்ணம் பூசிய அவருடைய சமாதி இருக்கிறது. சற்றுத் தள்ளி நிலத்துக்குக் காவலான தெய்வத் தம்பதிக்கு ஒரு கோயில் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் அந்தத் தெய்வங்களைக் குதா, குதி என்று தங்கள் வழக்கில் அழைக்கிறார்கள். சீனப் புத்தாண்டையொட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போய் ஊதுபத்தி ஏற்றி, பன்றி இறைச்சியும் பழமும் படைத்து வணங்குவது இன்றும் நடக்கிறது. தொழிலில் தோற்றுப்போன ஒருவரை ஒரு சமூகம் தன் முன்னோராக ஏற்றுக்கொண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வணங்கிவருவது சாதாரணச் செய்தியல்ல.

அதன் பிறகு வந்தவர்கள் துறைமுகத்தை நம்பி வந்தார்கள். கல்கத்தாவுக்கும் கான்டனுக்கும் இடையே கப்பல்கள் ஓயாமல் ஓடியதற்குக் காரணம் அபினி. பீகாரில் விளைந்த அபினியைக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விட்டது; வாங்கிய வியாபாரிகள் அதைச் சீனக் கரையில் கொண்டுபோய் இறக்கினார்கள். சீனாவைச் சீரழித்த அந்தக் கப்பல்களில்தான் சீனத் தச்சர்களும் மாலுமிகளும் இந்தியாவுக்கு வந்து இறங்கினார்கள். 1837-ல் எடுத்த கணக்கெடுப்பில் கல்கத்தாவில் 362 சீனர்கள் இருந்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து அதே அபினிப் பகை ஒரு பெரிய மனிதரைக் கைதியாக இந்த நகரத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் அபினிப் போரில் கான்டன் வீழ்ந்தபோது அந்த வட்டாரத்து மாகாணங்களின் ஆளுநர் யே மிங்சென் 1858 ஜனவரியில் பிரிட்டிஷாரிடம் சிக்கினார். அவரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றி டாலிகஞ்சில் காவலில் வைத்தார்கள். மறு ஆண்டு அங்கேயே இறந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடவே வந்த சலோனர் அலபாஸ்டர் என்ற இளம் அதிகாரி, ஓய்ந்த நேரத்தில் கல்கத்தாச் சீனர்களைத் தேடிப் பார்த்துப் பேசி, 'கல்கத்தா ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் குடியிருப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் விரிவான சித்திரம் அது. கசாய்டோலாவில் செருப்புத் தைப்பவர்கள், தச்சர்கள், பன்றிக் கொழுப்பு உருக்கி விற்பவர்கள் என்று அவர் கண்ட தொழில்கள் இன்னும் நூறாண்டு தொடர்ந்தன. பெண்கள் மிகக் குறைவு. ஆண்கள் பெரும்பாலும் போர்த்துகீசிய வழிவந்த கல்கத்தாப் பெண்களை மணந்து கொண்டார்கள். அந்தக் கசாய்டோலாதான் பின்னாளில் பெண்டிங்க் தெரு ஆனது. சீனர் கையால் தைத்த ஷூ வேண்டும் என்றால் கல்கத்தா முழுவதும் அந்தத் தெருவுக்குத்தான் வந்தது.

சீனர்கள் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது வெளியிலிருந்து பார்க்கும் வசதிக்காகத்தான். உள்ளே போனால் அது பல ஊர்க்காரர்கள், பல பேச்சுக்காரர்கள். கான்டன் பகுதியினர் தச்சர்கள். கப்பல் கட்டும் இடங்களிலும் துறைமுகத்திலும் அவர்களுக்கு நல்ல பெயர். 'சீனா மிஸ்திரி' செய்த மேஜை என்றால் தலைமுறைக்கும் நிற்கும் என்ற நம்பிக்கை வங்காளி வீடுகளில் இருந்தது. ஹக்கா மொழி பேசியவர்கள் தோலிலும் செருப்பிலும் இறங்கினார்கள். ஹூபே மாகாணத்தின் தியன்மென் பகுதியிலிருந்து வந்தவர்கள் பல் கட்டுபவர்கள். கல்லூரிப் படிப்பு இல்லை; தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த கைத்தொழில். சென்னையிலும் 'சைனீஸ் டென்டிஸ்ட்' என்ற பலகைகளைப் பார்த்துப் பழகிய தமிழர்களுக்கு இந்தக் கிளை புதிதாகத் தோன்றாது. ஷான்டோங் பகுதியினர் பட்டுத் துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றவர்கள். அப்படி ஒரு பட்டு வியாபாரிக்கும் ஒரு வங்காளிப் பெண்ணுக்கும் இடையே மலரும் சகோதர பாசத்தைத்தான் மிருணாள் சென் 1959-ல் 'நீல் ஆகாஷேர் நீச்சே' என்ற படமாக எடுத்தார்.

இந்தப் பிரிவுகளுக்கெல்லாம் மையமாக இருந்தவை கோயில்கள். பிறந்த ஊரை வைத்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு கோயில். ஸீ இப், தூங் ஆன், நாம் சூன், கீ ஹிங் என்று பெயர்கள். எல்லாவற்றின் பலகையிலும் 'சர்ச்' என்றே எழுதியிருக்கும். ஆனால் உள்ளே இருப்பவர் போர்த்தெய்வம் குவான் யூ, அல்லது கருணையின் தெய்வமான குவான் யின். கப்பலிலிருந்து இறங்கியவன் முதல் இரவு படுக்க இடம் கேட்டுப் போவது இங்கேதான். வேலைக்குச் சொல்லிவிடுவதும், நோயில் விழுந்தவனைப் பார்த்துக்கொள்வதும், இறந்தவனை முறைப்படி அடக்கம் செய்வதும், தகராறுகளைப் பேசித் தீர்ப்பதும் சங்கத்தின் வேலை. சில கோயில்களின் கீழ்த்தளத்தில் மாஜாங் ஆட்டக் கட்டைகளின் சத்தம் மாலை முழுவதும் கேட்கும். தூங் ஆன் கோயிலின் கீழே 1920-களில் தொடங்கிய நான்கிங் ஓட்டல், ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்கள் தேடிவரும் இடமாக இருந்தது. தெய்வம் மேலே, விருந்து கீழே என்ற ஏற்பாட்டில் சீனர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை.

வெளியார் இந்தச் சந்துகளைப் பார்த்த விதம் வேறு. அபினிக் கூடங்கள், சூதாட்டம், இருட்டு மூலைகள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அபினிக் கூடங்கள் உண்மையில் இருந்தன; அதை விற்க உரிமம் கொடுத்து வரி வாங்கியது அரசாங்கம்தான் என்பதை மட்டும் அந்தப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தவில்லை. வங்காளத் துப்பறியும் இலக்கியத்துக்கும் இந்தப் பேட்டை களமாயிற்று. சரதிந்து பந்தோபாத்யாய் தன் துப்பறிவாளன் வ்யோம்கேஷை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தும் 'சத்யான்வேஷி' கதை சீனர் குடியிருப்பு அருகே ஒரு மெஸ்ஸில்தான் நடக்கிறது. கொக்கேன் கடத்தல், கொலை எல்லாம் உண்டு. ஆனால் கதையின் முடிவில் பிடிபடும் குற்றவாளி ஒரு சீனர் அல்ல, மெஸ்ஸை நடத்தும் வங்காளி ஹோமியோபதி டாக்டர். 1930-களில் இப்படி எழுதியது சரதிந்துவின் நேர்மைக்கு அடையாளம்.

டாங்ராவின் கதை 1910 வாக்கில் தொடங்குகிறது. குவாங்டோங் மாகாணத்தின் மெய்ஷியான் பகுதியைச் சேர்ந்த ஹக்காக்கள், செருப்புக்குத் தோல் வாங்கிக் கொண்டிருப்பதைவிடத் தாங்களே பதனிடலாம் என்று முடிவு செய்தார்கள். நகரத்தின் கிழக்கு விளிம்பில் சதுப்பு நிலம் மலிவாகக் கிடைத்தது. பக்கத்திலேயே மாடு வெட்டும் கூடம் இருந்ததால் பச்சைத் தோலுக்குப் பஞ்சமில்லை. கால்வாயில் தண்ணீரும் இருந்தது. சாதி இந்துக்கள் தோலைத் தொடமாட்டார்கள். தொட்டவர்கள் தலித்துகளும் முஸ்லிம்களும்தான். சீனர்களுக்கு இந்தத் தீட்டுக் கணக்கு இல்லாததால் இந்தத் தொழிலில் அவர்களுக்கு எதிரே நின்று போட்டியிட்டவர்கள் குறைவு. முதலாளி ஹக்கா, தோலை இழுத்துப் போடும் தொழிலாளி பீகாரிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட சாதிக்காரர். இந்த அடுக்கு மட்டும் கடைசிவரை மாறவில்லை. சீனர்கள் சாதியின் ஓட்டையில் புகுந்து பிழைத்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க அவர்கள் வரவில்லை.

அமெரிக்க மானுடவியலாளர் எலென் ஆக்ஸ்ஃபெல்ட் 1980-களில் டாங்ராவில் தங்கி ஆய்வு செய்து 1993-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பில் இரத்தம், வியர்வை, மாஜாங் மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன. அவர் காட்டும் டாங்ராவில் தொழிற்சாலையும் வீடும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. கீழே சுண்ணாம்புத் தொட்டிகளும் மரப் பீப்பாய்களும் சுழல்கின்றன; மேலே குடும்பம் வாழ்கிறது. ஆண்கள் தோல் வாங்கவும் விற்கவும் போக, கணக்கையும் ஆட்களையும் பெண்கள் பார்த்துக் கொள்கிறார்கள். இரண்டு உலகப் போர்களும் பூட்ஸுக்கும் சேணத்துக்கும் தேவையைப் பெருக்கியதில் டாங்ரா செழித்தது. அண்ணன் தம்பிகள் சொத்துப் பிரித்தால் தொழிற்சாலையின் நடுவே ஒரு சுவர் எழும்பும். பள்ளிக்கூடமும் தங்களுக்கென்றே நடத்தினார்கள். பெய் மே என்பது அதன் பெயர். உயரமான மதில்கள், இரும்புக் கதவுகள், திறந்த சாக்கடைகள், மூக்கைத் துளைக்கும் தோல் வாடை என்று வெளியே பார்க்கச் சகிக்காத இடத்துக்குள்ளே ஒரு முழு உலகம் இயங்கியது.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. நவம்பர் 21 அன்று சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. சண்டை நடந்தது ஒரு மாதம்தான்.

அந்த ஒரு மாதத்துக்குள் இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீனர்கள் பகைவர்களாக்கப்பட்டார்கள். இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் வெளிநாட்டினர் சட்டத்தில் செய்த திருத்தமும் அதற்கு வழிசெய்தன. அந்தத் திருத்தத்தின்படி ஒருவர் இந்தியக் குடியுரிமை பெற்றவரா என்பதுகூடப் பெரிய கேள்வியாக இல்லை. தாய் தகப்பனோ, தாத்தா பாட்டியோ பகை நாட்டின் குடியாக இருந்திருந்தால் போதும். அன்றைய அசாமில் மாகும், ஷில்லாங், வங்காளத்தில் டார்ஜிலிங், கலிம்போங் போன்ற இடங்களில் கைதுகள் மிகக் கடுமையாக நடந்தன. மாகும் சீனர்களில் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலைத் தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். அசாமியப் பெண்களை மணந்து அசாமிய மொழியே பேசியவர்கள். சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள் என்கிறார்கள் தப்பிப் பிழைத்தவர்கள். அடுப்பில் வைத்ததை இறக்காமல் போனவர்களும் உண்டு.

ரயில் அவர்களை ராஜஸ்தானின் தேவ்லிக்குக் கொண்டுபோனது. பயணம் ஒரு வாரம் நீடித்தது. தேவ்லி ஏற்கெனவே பழக்கப்பட்ட சிறை முகாம். ஆங்கிலேயர் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் அடைக்கப்பட்டது அங்கேதான். உலகப் போரின்போது போர்க்கைதிகளும் பகை நாட்டவரும் அங்கே இருந்தார்கள். சுதந்திர இந்தியா அதே முகாமில் சுமார் 3,000 பேரை அடைத்தது. அவர்களில் கைக்குழந்தைகள் உண்டு. எண்பது வயதைக் கடந்தவர்கள் உண்டு. யார்மீதும் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. உளவு பார்த்ததாக ஒருவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விடுதலை சிறுகச் சிறுகத்தான் நடந்தது. கடைசியாக இருந்தவர்கள் வெளியே வந்தது 1967-ல். திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீடு இல்லை, கடை இல்லை. எதிரிச் சொத்து என்று ஏலத்தில் போயிருந்தது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1963-ல் சீன அரசு கப்பல்களை அனுப்பியது. முகாமிலிருந்தவர்களில் சீனா செல்ல ஒப்புக்கொண்டவர்களை மெட்ராஸ் துறைமுகத்தில்தான் கப்பலேற்றினார்கள். மூன்று முறை கப்பல் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. சீன மொழி பேசத் தெரியாத குழந்தைகளும் கணவனோடு கிளம்பிய இந்திய மனைவிகளும் இருந்தார்கள். மெட்ராஸ் கடற்கரையில் நடந்த இந்த நிகழ்ச்சி தமிழ்நாட்டு வரலாற்று நூல்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாதது வருத்தமான செய்தி.

கல்கத்தாவில் கைதுகள் அசாம் அளவுக்கு இல்லை. ஆனால் பயம் வீட்டுக்கு வீடு நுழைந்தது. சீன வங்கியின் கிளை மூடப்பட்டது. துறைமுகத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்த்த கான்டன் தச்சர்கள் வேலையை இழந்தார்கள். குடியுரிமைத் தாள் இல்லாதவர்கள் போலீஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரை விட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். பலருக்கு நாட்டை விட்டு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. டெரிட்டி பஜார் ஏற்கெனவே பாதி இடிபட்டிருந்தது. சாலை வெட்டுவதற்காக நகர மேம்பாட்டு டிரஸ்ட் பழைய சீனத் தெருக்களைத் தரைமட்டமாக்க, பிறகு அந்த நிலத்தில் போத்தார் கோர்ட் என்ற அலுவலகக் கட்டடம் எழும்பியது. வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்தவர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். சிலர் ஹாங்காங், தைவான் போனார்கள். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, ஸ்வீடன் என்று சிதறியவர்களும் உண்டு. மிகப் பெரும் பங்கு கனடாவுக்கு, குறிப்பாக டொராண்டோவுக்குப் போனது.

டாங்ராவுக்கு இந்த அடி கொஞ்சம் தாமதமாக விழுந்தது. சொந்தத் தொழில், சொந்தக் கட்டடம். யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. தோல் ஏற்றுமதி பெருகியதில் 1980-கள் வரை டாங்ராவில் பணம் புழங்கியது. அங்கேயே ஒரு காளி கோயிலும் வளர்ந்தது. மரத்தடியில் குங்குமம் பூசி வைத்த கற்களுக்கு முன்னால், எந்த மருத்துவத்துக்கும் குணமாகாத ஒரு சீனச் சிறுவனைப் பெற்றோர் கிடத்தி வேண்டிக்கொள்ள, பிள்ளை பிழைத்துக் கொண்டான் என்பது கோயிலின் கதை. சீனர்கள் பணம் போட்டுக் கட்டிய அந்தக் கோயிலில் காளிக்கு நூடுல்ஸும் சாப்ஸூயியும் படைத்துப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். பூசை செய்பவர் வங்காளிப் பிராமணர்.

பிறகு உச்ச நீதிமன்றம் வந்தது. கங்கை மாசுபாடு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 19 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, டாங்ரா, தில்ஜலா, டோப்ஸியா, பாக்லாடாங்கா பகுதிகளில் இருந்த சுமார் 550 தோல் தொழிற்சாலைகளை அங்கிருந்து அகற்றும்படி உத்தரவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன்புதான், அதே ஆண்டு ஆகஸ்டில், அதே நீதிபதி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தார். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்த நாட்களின் கலக்கம் நினைவிருக்கும். ஆனால் அங்கே தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே தொடர முடிந்தது. டாங்ராவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே பான்தலாவில் அரசு அமைத்த தோல் வளாகத்துக்குப் போக வேண்டும். வீடும் தொழிலும் ஒன்றாக இருந்த மக்களுக்கு அது வெறும் இடமாற்றம் அல்ல. சிலர் போனார்கள். பலர் தொழிற்சாலையை விற்றுவிட்டுப் பிள்ளைகள் இருக்கும் கனடாவுக்கு விமானம் ஏறினார்கள். மாசுபாட்டைத் தடுக்க வேண்டியது அவசியம் என்பதில் சந்தேகமில்லை. சாக்கடையில் ஓடிய குரோமியத்தை அந்த வட்டாரத்து ஏழைகள்தான் சுமந்தார்கள். ஆனாலும் 1962-க்குப் பிறகு எஞ்சியிருந்த கடைசிப் பிடிமானத்தை இந்தத் தீர்ப்பு தளர்த்திவிட்டது.

மிஞ்சியவர்கள் சமையலறைக்குள் நுழைந்தார்கள். தோல் ஊறிய தொட்டிகளை மூடி, பீப்பாய்களை அகற்றி, தரையில் ஓடு பதித்து, குளிர்சாதனம் வைத்து டாங்ராவின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஓட்டல்களாயின. இந்தியர்கள் இன்று 'சைனீஸ்' என்று சாப்பிடுவது பெரும்பாலும் கல்கத்தா ஹக்காக்களின் கைவண்ணம். பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, சோயா சாஸ், சோளமாவுக் குழம்பு: இந்தச் சேர்க்கையை எந்தச் சீன மாகாணத்திலும் தேடினால் கிடைக்காது. பச்சை மிளகாய் சாஸைப் பாட்டிலில் அடைத்து விற்று நகரம் முழுவதும் பிரபலமாக்கிய போ சோங் கடையும் டெரிட்டி பஜாரைச் சேர்ந்ததுதான். 1975-ல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்லப்படும் நெல்சன் வாங் கல்கத்தாவில் பிறந்தவர். அந்த மஞ்சூரியன் காலிஃபிளவருக்கு மாறி, தமிழ்நாட்டில் டீக்கடை ஓரத்துத் தள்ளுவண்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது. மதுரையிலோ திருப்பூரிலோ கோபி மஞ்சூரியன் வறுக்கும் இளைஞனுக்கு டாங்ராவைத் தெரியாது. சாப்பாடு ஊர் ஊராகப் பரவியது. அதைச் சமைத்தவர்களின் கதை பரவவில்லை.

டெரிட்டி பஜாரில் இப்போது சீனத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போக வேண்டும். போத்தார் கோர்ட் பக்கம் சாலையோரத்தில் மூங்கில் கூடைகளிலும் அலுமினியப் பாத்திரங்களிலும் ஆவி பறக்க மீன் உருண்டை சூப், பன்றி இறைச்சி மோமோ, வேகவைத்த பன், காய வைத்த தொத்திறைச்சி விற்கிறார்கள். எட்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வங்காளிகளும் சுற்றுலாக்காரர்களும். விற்பவர்களில் சீனர் அல்லாதோரும் இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் காய்கறி வண்டிகள் வந்து நிற்கின்றன. கோயில்கள் பூட்டிக் கிடக்கவில்லை; வயதானவர்கள் வந்து விளக்கேற்றுகிறார்கள். புத்தாண்டுக்குச் சிங்க நடனமும் உண்டு. டாங்ராவிலிருந்து 1969-ல் தொடங்கி வெளிவந்த 'சியோங் பாவ்' சீன நாளிதழ், 2020-ல் கொரோனாவோடு நின்றுபோனது. அதன் முதிய ஆசிரியர் அதே ஆண்டு காலமானார்.

இதே மக்களிடம் நாடு இன்னும் விசுவாசச் சான்று கேட்டுக்கொண்டிருக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் டாங்ராவின் சுவர்களில் சீன எழுத்தில் வாக்குக் கேட்டு விளம்பரம் எழுதினார்கள். கொல்கத்தா மகிழ்ச்சியோடு அதைப் படம் பிடித்தது. மறு ஆண்டு ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் கொல்லப்பட்டபோது, அதே டாங்ராவாசிகள் இந்திய ராணுவத்துக்கு ஆதரவாகப் பதாகை பிடித்துத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. ஐந்து, ஆறு தலைமுறையாக இங்கே வாழ்பவர்கள். வேறு எந்தச் சமூகத்துக்காவது இத்தனை தலைமுறைக்குப் பிறகும் ஓர் எல்லைச் சண்டை வரும்போது, யார் பக்கம் என்று கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டிய கட்டாயம் இருந்தால் அந்த வலி எப்படிப்பட்டது என்று புரியும்.

தேவ்லி பற்றிய மௌனம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வருகிறது. அசாமிய எழுத்தாளர் ரீத்தா சவுத்ரி மாகும் சீனர்களைப் பற்றி 'மாகாம்' என்ற நாவலை 2010-ல் வெளியிட்டார். தேவ்லி முகாமிலேயே பிறந்த ஜாய் மாவும் பத்திரிகையாளர் திலீப் டிசூசாவும் சேர்ந்து எழுதிய 'தேவ்லிவாலாஸ்' 2020-ல் வந்தது. டொராண்டோவில் வாழும் முன்னாள் கைதிகள் ஒரு சங்கமாகத் திரண்டிருக்கிறார்கள். 2017-ல் அவர்கள் ஒட்டாவாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும், தேவ்லியில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்று கோரினார்கள். பணம் கேட்கவில்லை. ஜப்பானிய வம்சாவளியினரைச் சிறைவைத்ததற்காக அமெரிக்காவும் கனடாவும் 1988-லேயே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தன. டெல்லி இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. முகாமில் குழந்தைகளாக இருந்தவர்களுக்கே இப்போது அறுபது, எழுபது வயது.